மொட்டைமாடியில் வெயில் பிடித்தவர்

நிலக்கரிப் புகைதான் முன்னேற்றம் என்று உலகம் நம்பிய காலத்தில், வெயிலை நம்பினார் ஒரு கெமிஸ்ட்ரி பேராசிரியர். பெயர் ஜாகோமோ சாமிச்சான். (நம்மூர்ப் பெயர் மாதிரி இருந்தாலும் ஆர்மீனிய வம்சம், 1857-ல் திரியெஸ்த் நகரில் பிறந்தவர்.)

இத்தாலியின் போலோஞா பல்கலைக்கழக மொட்டைமாடியில், நம் வீட்டில் வடகம் காயப்போடுகிற மாதிரி, ரசாயனக் குடுவைகளை மாசக்கணக்கில் வெயிலில் வைத்துப் பார்த்தார். அடுப்பில்லாமல் இலை செய்கிற வேலையை மனுஷனும் செய்ய முடியுமா? அதுதான் அவர் கேள்வி.

1912-ல் நியூயார்க் மாநாட்டில் விளக்கினார். நிலக்கரி என்பது பழைய வெயிலின் சேமிப்பு, ஒருநாள் தீர்ந்துபோகும். பயிரை அதிகம் விளைவித்து எரிபொருளாக்கலாம். பாலைவனத்தில் புகையில்லாத கண்ணாடித் தொழிற்சாலைகள் வைக்கலாம். பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது. உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நோபலுக்குப் பலமுறை பரிந்துரைத்தும் கிடைக்காமலே 1922-ல் காலமானார். செயற்கை இலை செய்ய முயல்கிறவர்கள் இன்று அந்த உரையைத் தேடிப் படிக்கிறார்கள்.