காப்டன் டானியல் ஷேஸ்

அமெரிக்க தேசம் பிரிட்டிஷ் ஆட்சியினின்றும் விடுதலை பெற்ற சரித்திரத்தைப் படிப்போர் பெரும்பாலும் வாஷிங்டன் முதலிய பெருந்தலைவர்களின் வரலாற்றோடு அமைந்துவிடுகின்றனர். அவ்விடுதலைக்காகப் பொருது, பின்னர் வறுமையெய்திக் கலகத் தலைவரெனப் பெயர் பெற்ற ஒரு குடியானவரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

டானியல் ஷேஸ் என்பார் மஸாசூஸெட்ஸ் நாட்டில், அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோர்க்கு ஏறக்குறைய 1747ஆம் வருஷத்தில் பிறந்தார். இளமையில் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தார். 1775இல் யுத்தம் மூண்டதும் படையிற் சேர்ந்து, பங்கர் குன்று, ஸாரடோகா முதலிய களங்களிற் பொருது காப்டன் பதவி பெற்றார். பிரெஞ்சுப் பிரபுவாகிய லாபாயெத் அவருக்கு ஓர் உடைவாளைப் பரிசளித்தார். 1780இல் படையினின்று விலகி ஊர் திரும்பியவரைக் கடன் சூழ்ந்தது. பணமுடையால் அவ்வாளையும் விற்றுவிட்டாரென்பர்.

இஃது அவரொருவரின் துன்பமன்று. யுத்தக் கடனைத் தீர்க்கும்பொருட்டு ராஜாங்கத்தார் கடுவரி விதித்து, அதனை நாணயமாகவே செலுத்தவேண்டுமென்றனர். கிராமங்களிலோ நாணயம் அரிது. செலுத்த இயலாதோருடைய நிலமும் மாடும் ஏலத்திற்கு வந்தன. கடனாளிகள் சிறை புகுந்தனர். ஊர்ச்சபைகள் அனுப்பிய விண்ணப்பங்களாலும் பயன் விளையவில்லை. ஆதலின் 1786 ஆகஸ்டு 29இல் ஜனங்கள் நார்த்தாம்ப்டனில் திரண்டு, நியாயஸ்தலம் கூடாதபடி தடுத்தனர். விரைவில் ஷேஸும் அவர்தம் தலைவருள் ஒருவராயினார்.

1787 ஜனவரி 25இல் அவர்கள் ஸ்பிரிங்பீல்டு ஆயுதசாலையை நோக்கிச் சென்றனர். அதனைக் காத்துநின்ற ஜெனரல் ஷெப்பர்டும் விடுதலைப் போரிற் பொருதவரே. அவர்தம் பீரங்கிகள் முழங்கின, நால்வர் மாண்டனர், ஏனையோர் சிதறினர். பிப்ரவரி 4இல் ஜெனரல் லிங்கனுடைய சேனை இரவெல்லாம் பனியிற் சென்று, பீட்டர்ஷாமில் எஞ்சியோரைக் கலைத்தது. ஷேஸ் வெர்மாண்ட் நாட்டிற்கு ஓடினார். அவருக்கு விதித்த மரண தண்டனை 1788இல் மன்னிக்கப்பெற்றது. யுத்த சேவைக்குரிய உபகாரச் சம்பளம் முதுமையிற் கிடைத்தது. 1825இல் நியூயார்க் நாட்டில் வறியவராகவே இறந்தார்.

அவர் தோற்றாரெனினும், 1787ஆம் வருஷத் தேர்தலில் ஜனங்கள் கவர்னர் பௌடாயினை விலக்கி ஹான்காக்கைத் தேர்ந்தனர். வரியின் கடுமையும் தணிந்தது. அவ்வாண்டே பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியல் சட்டம் வகுக்கக் கூடியோர்க்கும் இக்கலகம் ஒரு தூண்டுகோலாயிற்று.

ஆயுதமேந்தி எழுந்ததை நாம் புகழ்கின்றோமல்லோம். ஆயினும் விண்ணப்பத்தோடு வந்தோரை வெறுங்கையராய் அனுப்பியதன்றோ அதற்குக் காரணமாயிற்று? ஊர்ப்பொதுவில் வரி வகுக்கும் பொறுப்பேற்கும் நம் அன்பர்கள், கொடுப்போர் கையிருப்பை முதலில் அறிந்து வகுத்தல் நலமென்பதே இச்சரிதத்தால் நாம் கொள்ளத்தக்கது.