‘அமிலாய்டு’ எனப் பெயரிட்ட மருத்துவர்: ருடால்ஃப் விர்கோ

உங்களுக்கோ உங்கள் பராமரிப்பில் உள்ளவருக்கோ ‘இதய அமிலாய்டோசிஸ்’ இருக்கலாம் என மருத்துவர் கூறியிருந்தால், அப்பெயர் எவ்வாறு வந்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள். வீண் அச்சம் ஒன்றை அது நீக்கும்.

ருடால்ஃப் விர்கோ 1821ஆம் ஆண்டு பிரஷ்யாவின் பொமரேனியாவில் பிறந்தார். பெர்லினில் மருத்துவம் பயின்று, அங்குள்ள சாரிட்டே மருத்துவமனையில் பிணக்கூறாய்வுப் பணியை மேற்கொண்டார். 1848இல் மேல் சைலீசியாவில் பரவிய டைஃபஸ் காய்ச்சலை ஆராய அரசு அவரை அனுப்பியது. வறுமையையும் கல்வியின்மையையும் போக்காமல் நோய் தீராது என, அனுப்பிய அரசையே குறைகூறி அறிக்கை அளித்தார். அவ்வாண்டின் புரட்சியிலும் பங்கேற்றார். மறு ஆண்டே பெர்லினை விட்டு வூர்ஸ்பர்க் செல்ல நேர்ந்தது.

1854இல், உடல் திசுக்களில் காணப்பட்ட ஒருவகைப் படிவின்மீது அவர் அயோடினை இட்டுப் பார்த்தார். நிறம் மாறியது. கஞ்சியில் அயோடின் விட்டால் நீலமாவதைப் பள்ளியில் நீங்களும் கண்டிருப்பீர்கள். அதனால் அப்படிவு மாவுச்சத்தைப் போன்றது எனக் கருதி, ‘அமிலாய்டு’ என்று பெயரிட்டார். அக்கருத்து தவறு. அது புரதம் சார்ந்தது என்பதை 1859இல் ஃப்ரீட்ரைக்கும் கெக்குலேயும் காட்டினர். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

எனவே சோறோ கிழங்கோ உண்டதால் இந்நோய் வந்தது என நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அவற்றைக் கைவிடுவதாலும் இது தீராது.

1856இல் பெர்லின் திரும்பிய விர்கோ, உயிரணுக்களே நோயின் களம் என நிறுவிப் பெரும்புகழ் பெற்றார். அந்நகரின் கழிவுநீர் வடிகால் அமையவும் பாடுபட்டார். 1902 ஜனவரியில் டிராமிலிருந்து இறங்குகையில் விழுந்து தொடையெலும்பு முறிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மறைந்தார்.

அவர் இப்படிவுகளை இறந்தவர் உடலில்தான் கண்டார். இன்று உயிருடன் இருக்கும்போதே தடயம் கிடைக்கிறது. எக்கோவில் இதயச் சுவர் தடித்தும், இ.சி.ஜி.யில் அலைகள் அதற்கேற்பப் பெரிதாகாமலும் இருந்தால் ஐயம் எழும். இதய எம்.ஆர்.ஐ. அதை மேலும் தெளிவாக்கும். எலும்பு ஸ்கேனுக்குப் பயன்படும் கதிரியக்க மருந்து இதயத்தில் படிந்தால், டிரான்ஸ்தைரெட்டின் வகையாக இருக்கலாம். ஆனால் லைட் செயின் வகையிலும் அது சிலவேளை படியும். அவ்வகைக்குச் சிகிச்சை வேறு, தாமதமும் ஆபத்து. ஆகவே ஸ்கேனுடன் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளும் செய்யப்பட்டனவா என மருத்துவரிடம் தவறாது கேளுங்கள்.