மன்னர்கள் வாங்காத கார்: எட்டோரே புகாட்டியின் வாழ்வும் இழப்பும்

1987 நவம்பர் 19 ஆம் திகதி இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் ஒரு பழைய கார் ஏலத்துக்கு விடப்பட்டது. வழமையாக இசை நிகழ்ச்சிகள் நடைபெறும் அந்த மண்டபத்தில் அன்று உலகின் பெரும் செல்வந்தர்களும் பழங்கார் சேகரிப்பாளர்களும் கூடியிருந்தார்கள். ஐந்தரை மில்லியன் பவுண்களுக்கு அந்தக் கார் விலைபோனது. அதுவரை உலகில் எந்தக் காருக்கும் எவரும் அவ்வளவு பணம் கொடுத்ததில்லை.

அதே கார் 1932 ஆம் ஆண்டிலும் இலண்டனில் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தது. ஒலிம்பியா மண்டபத்தில் நடந்த மோட்டார் கண்காட்சியில் அதன் விலை 6,500 பவுண். அப்போது அதை வாங்க ஒருவரும் முன்வரவில்லை.

அந்தக் காரின் பெயர் புகாட்டி றோயல். அதைச் செய்தவர் எட்டோரே புகாட்டி. அவருடைய பெயர் இன்றும் கோடீஸ்வரர்களின் கார்களில் பொறிக்கப்படுகிறது. ஆனால் அவரது கடைசி எட்டு ஆண்டுகள் மகனை இழந்து, தொழிற்சாலையை இழந்து, அதை மீட்க நீதிமன்றப் படியேறிக் கழிந்தவை.

மிலானிலிருந்து மொல்சைமுக்கு

எட்டோரே 1881 செப்டெம்பர் 15 ஆம் திகதி இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். தந்தை கார்லோ புகாட்டி பெயர்பெற்ற தளபாட வடிவமைப்பாளர். தம்பி றெம்பிரான்ட் விலங்குகளைச் சிலையாக வடிப்பதில் வல்லவர். கலைஞர் குடும்பத்தில் பிறந்த எட்டோரேயின் மனம் மட்டும் இயந்திரங்களிடம் போனது. பதினேழு வயதளவில் மிலானில் சைக்கிளும் மோட்டார் வண்டியும் செய்யும் ஒரு நிறுவனத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். 1901 இல் அவர் செய்த கார் மிலான் கண்காட்சியில் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டே அல்சாஸ் பகுதியிலுள்ள டி டீட்ரிச் நிறுவனம் அவரை வேலைக்கு அழைத்தது. அவர் உரிய வயதை அடையாதிருந்தபடியால் ஒப்பந்தத்தில் தந்தையே கையொப்பமிட்டார்.

அல்சாஸ், பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் நடுவே மாறி மாறிக் கைமாறிய நிலம். 1871 முதல் ஜேர்மனியிடமும், 1918 க்குப் பின் பிரான்சிடமும், 1940 இல் மீண்டும் ஜேர்மனியிடமும், போரின் முடிவில் மறுபடி பிரான்சிடமும் அது இருந்தது. அந்த மண்ணில், மொல்சைம் என்ற சிற்றூரில், 1909 இன் இறுதியில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு சாயத் தொழிற்சாலையை எடுத்து எட்டோரே தனது பட்டறையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28.

ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை, முதலாம் உலகப் போர் வந்துவிட்டது. இத்தாலியரான அவர் ஜேர்மன் ஆட்சிப் பகுதியில் இருக்க முடியாத நிலையில் குடும்பத்துடன் வெளியேறினார். போகும் முன் மூன்று பந்தயக் கார்களின் பாகங்களைத் தொழிற்சாலைக்கு அருகில் நிலத்தில் புதைத்துவிட்டுப் போனார். கொண்டுபோக முடியாததை மண்ணிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுவதன் பொருளைப் போர் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

போர்க்காலத்தில் பரிசில் விமான இயந்திரங்களை வடிவமைத்தார். அதே காலத்தில் தம்பியையும் இழந்தார். றெம்பிரான்ட், பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் விலங்குக் காட்சிச்சாலையில் நாட்கணக்காக இருந்து விலங்குகளைப் பார்த்துச் சிலை வடித்தவர். போர் மூண்டதும் அங்கிருந்த விலங்குகள் கொல்லப்பட்டன. காயப்பட்டோரைப் பராமரிக்கும் தொண்டுப் பணியிலும் ஈடுபட்ட றெம்பிரான்ட் மனம் உடைந்து, 1916 ஜனவரியில், 31 ஆவது வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1919 இல் எட்டோரே மொல்சைமுக்குத் திரும்பினார். புதைத்தவற்றைத் தோண்டியெடுத்துத் தொழிலை மறுபடி தொடங்கினார். 1921 இல் இத்தாலியின் பிறேசியாவில் நடந்த பந்தயத்தில் முதல் நான்கு இடங்களையும் அவரது கார்களே பிடித்தன. 1924 இல் வெளிவந்த ‘வகை 35’ கார் அடுத்த பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் அதிகமான வெற்றிகளைக் குவித்தது. சிசிலித் தீவின் கடினமான டார்கா புளோரியோ பந்தயத்தை 1925 முதல் 1929 வரை தொடர்ந்து ஐந்து முறை புகாட்டிக் கார்களே வென்றன.

ஆறே ஆறு கார்கள்

இந்தப் புகழின் உச்சத்தில் அவர் உலகின் மிகப் பெரிய, மிக ஆடம்பரமான காரைச் செய்ய எண்ணினார். அதன் நீளம் ஏறத்தாழ 6.4 மீற்றர். நிறை மூன்று தொன்னுக்கு மேல். எட்டு உருளைகள் கொண்ட இயந்திரத்தின் கொள்ளளவு 12.7 லீற்றர். இன்றைய சாதாரண குடும்பக் கார் ஒன்றின் இயந்திரத்தைப் போல எட்டு மடங்கு அது. முகப்பில் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் ஒரு வெள்ளி யானை. இறந்துபோன தம்பி வடித்த சிலையின் பிரதி அது.

25 கார்களைச் செய்து மன்னர்களுக்கு விற்பதே திட்டம். ஆனால் 1929 இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. செய்யப்பட்டவை ஆறு கார்கள், விற்கப்பட்டவை மூன்று. ஓர் ஆடை உற்பத்தியாளர், ஒரு ஜேர்மன் மகப்பேற்று வைத்தியர், ஓர் ஆங்கிலச் செல்வந்தர் என வாங்கிய மூவரில் ஒருவர்கூட மன்னர் அல்லர். உணவு மேசையில் நடந்துகொண்ட விதம் பிடிக்காததால் அல்பேனிய மன்னருக்கு விற்க எட்டோரே மறுத்தார் என்றொரு கதையும் உண்டு. அவரது பெருமிதத்தை அறிந்தவர்கள் அதை எளிதில் நம்பினார்கள்.

தேங்கிக் கிடந்த றோயல் இயந்திரங்களை அவர் வீணாக விடவில்லை. 1933 முதல் அவற்றைப் பொருத்தி வேகப் புகையிரதப் பெட்டிகளைச் செய்து பிரெஞ்சுப் புகையிரத சேவைக்கு விற்றார். மன்னர்களுக்கென வார்த்த இயந்திரம் சாதாரணப் பயணிகளைச் சுமந்து தொழிற்சாலையைக் காப்பாற்றியது.

தொழிலாளரைத் தன் குடும்பத்தவர்போல் நடத்துவதாகவே அவர் நம்பியிருந்தார். ஆனால் 1936 இல் பிரான்ஸ் முழுவதும் பரவிய வேலைநிறுத்தம் மொல்சைமுக்கும் வந்தது. தொழிலாளர் தொழிற்சாலையைத் தம் பிடிக்குள் எடுத்தார்கள். உரிமை கேட்பது துரோகமல்ல என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. பொறுப்பை மூத்த மகன் ஜானிடம் விட்டுவிட்டுப் பரிஸுக்குப் போனார்.

மகனும் தொழிற்சாலையும்

1909 இல் பிறந்த ஜான், தந்தையைவிட அழகாகக் கார் வரைவார் என்று பலரும் சொல்வதுண்டு. 1939 ஜூனில் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை அவரது பொறுப்பில் உருவான கார் வென்றது. அதே காரை ஓகஸ்ட் 11 ஆம் திகதி இரவு மொல்சைமுக்கு அருகே வீதியில் ஓட்டிச் சோதித்தார். திடீரென எதிர்ப்பட்ட ஒரு சைக்கிளோட்டியைத் தவிர்க்கத் திருப்பியபோது கார் மரத்தில் மோதியது. ஜானுக்கு வயது 30.

மூன்று வாரங்களில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. தொழிற்சாலை இயந்திரங்கள் தென்மேற்கே போர்டோ நகருக்கு இடம்பெயர்க்கப்பட்டன. 1940 இல் ஜேர்மன் படைகள் அல்சாஸைப் பிடித்தன. மொல்சைம் தொழிற்சாலையை விற்கும்படி எட்டோரே நெருக்கப்பட்டார். மறுக்கும் நிலையில் அவர் இல்லை. உரிய பெறுமதிக்கு எவ்வளவோ குறைந்த விலையில் அது கைமாறி, நிலத்திலும் நீரிலும் ஓடக்கூடிய இராணுவ வண்டிகள் செய்யும் இடமாயிற்று.

விற்கப்படாத மூன்று றோயல் கார்களும் பரிஸுக்கு வடக்கே எர்மனொன்வில் என்ற இடத்திலிருந்த அவரது வீட்டில், சுவர் எழுப்பி மறைக்கப்பட்டன. போர் முடியும்வரை அவை செங்கல்லுக்குப் பின்னாலேயே இருந்தன. ஆனால் எல்லாம் தப்பவில்லை. ஜான் வடிவமைத்த நான்கு ‘அட்லாண்டிக்’ கார்களில் கறுப்பு நிறமான ஒன்று, 1941 இல் போர்டோவுக்கு அனுப்பப்படும் கார்களின் பட்டியலில் இருந்தது. அதன் பிறகு அதைக் கண்டவர் இல்லை.

மனிதர்களும் தப்பவில்லை. இலண்டனில் பின்னாளில் சாதனை விலைக்குப் போன காரின் மேற்கூட்டைச் செய்த நிறுவனத்தின் ஜாக் கெல்னர், பிரித்தானியருக்கு உளவு சொன்னதாக 1942 மார்ச்சில் ஜேர்மனியரால் சுட்டுக் கொல்லப்பட்டார். புகாட்டி ஓட்டி வெற்றி பெற்ற றொபேர் பெனுவா, எதிர்ப்பு இயக்கத்தில் செயற்பட்டுப் பிடிபட்டு, 1944 இல் புகன்வால்ட் முகாமில் கொல்லப்பட்டார். முதலாவது மொனாக்கோ பந்தயத்தை வென்ற வில்லியம் குறோவர் வில்லியம்சும் ஜேர்மன் முகாமிலிருந்து திரும்பவில்லை. 1945 செப்டெம்பர் 9 ஆம் திகதி, பரிஸில் போருக்குப் பிந்திய முதல் கார்ப் பந்தயங்கள் நடந்தன. ஒன்றுக்கு பெனுவாவின் பெயர். மற்றொன்று போர்க் கைதிகளின் பெயரால். கைதிகளின் கிண்ணத்தைப் பெனுவாவின் தோழர் விமீல் ஒரு புகாட்டியில் வென்றார்.

வென்ற வழக்கு

போர் முடிந்தால் தொழிற்சாலை திரும்பக் கிடைக்கும் என்று எட்டோரே எதிர்பார்த்திருந்தார். விடுவித்த அரசே அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. எதிரிக்கு விற்கப்பட்ட சொத்து என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நாற்பது ஆண்டுகள் அல்சாஸையே தன் ஊராகக் கொண்டிருந்தவர், காகிதத்தில் எதிரி நாடான இத்தாலியின் குடிமகனாக இருந்ததும் அவருக்குப் பாதகமாயிற்று. விருப்பத்தோடு விற்கவில்லை, விற்க வைக்கப்பட்டேன் என்பதை நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழுந்தது. இதற்கிடையில் 1944 இல் மனைவி பார்பராவும் இறந்துபோனார்.

முதல் வழக்கில் தோற்றார். மேன்முறையீட்டில் 1947 ஜூனில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அப்போது அவர் கடும் நோயில் படுக்கையில் இருந்தார். ஓகஸ்ட் 21 ஆம் திகதி காலமானார். மொல்சைமுக்கு அடுத்துள்ள டோர்லிசைமில், மகனும் தம்பியும் உறங்கும் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். மீட்ட தொழிற்சாலையில் அவரால் ஒரு நாள்கூட வேலை செய்ய முடியவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களாலும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாமல், 1963 இல் அது வேறு நிறுவனத்திடம் போனது.

ஆனால் ஆறு றோயல் கார்களும் அழியவில்லை. ஜேர்மன் வைத்தியர் வாங்கிய கார், அவருடன் நாடு நாடாய் அலைந்து நியூயோர்க்கை அடைந்தது. பனிக்காலத்தில் நீர் உறைந்து இயந்திரம் வெடித்து, பழைய இரும்புக் கடையில் கிடந்தபோது, 1943 இல் சாள்ஸ் செயின் என்ற பொறியியலாளர் சில நூறு டொலர்களுக்கு வாங்கித் திருத்தினார். இன்று அது டியர்போனிலுள்ள ஹென்றி போர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சுவருக்குப் பின்னால் தப்பிய மூன்றில் இரண்டை எட்டோரேயின் மகள் 1950 இல் ஓர் அமெரிக்கருக்கு விற்றார். கிடைத்தது சிறு தொகையும், அன்றைய பிரான்சில் கிடைத்தற்கரிய குளிர்சாதனப் பெட்டிகளும்தான். அந்த இரண்டில் ஒன்றே 1987 இல் ஐந்தரை மில்லியன் பவுண்களுக்குப் போனது.

வேறு இரண்டு, அல்சாஸின் முலூஸ் நகரில் இருக்கின்றன. அங்கு துணி ஆலைகள் நடத்திய ஷ்லும்ப் சகோதரர்கள் அவற்றை வாங்கி, நானூறுக்கும் மேற்பட்ட பழங்கார்களோடு இரகசியமாகச் சேர்த்து வைத்திருந்தனர். ஆலைகள் மூடப்பட்டு, முதலாளிகள் சுவிஸுக்குத் தப்பிய பிறகு, 1977 இல் வேலையிழந்த தொழிலாளர்கள் உள்ளே புகுந்தபோதுதான் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. அவர்கள் சேகரிப்பைச் சிதறவிடவில்லை. காவல் இருந்து, கதவைத் திறந்து, பொதுமக்களுக்குக் காட்டினார்கள். இன்று அது பிரான்சின் தேசிய மோட்டார் அருங்காட்சியகம்.

தொழிலாளர் தன் தொழிற்சாலையைக் கைப்பற்றியதைக் கடைசிவரை மன்னிக்காதவர் எட்டோரே. மொல்சைமிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில், அவரது இரண்டு றோயல் கார்களையும் சிதறாமல் காத்துக் கொடுத்தவர்கள் தொழிலாளர்களே.