ராமானந்த் சாகர்: பிரிவினையை எழுதிய பேனா, ஞாயிறு காலைகளை ஆண்ட கேமரா

மும்பை: தூர்தர்ஷனில் 'ராமாயண்' தொடரின் முதல் பகுதி 1987ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி ஒளிபரப்பானபோது, அதன் இயக்குநரும் தயாரிப்பாளருமான ராமானந்த் சாகருக்கு 69 வயது. திரையுலகில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஒருவர் ஓய்வை நாட வேண்டிய பருவம் அது. ஆனால், நாடு முழுவதும் வீட்டுக்கு வீடு அவருடைய பெயர் அறிமுகமானது அதன் பிறகுதான்.

அந்த ஒரு தொடரின் புகழ், அதற்கு முந்தைய அவரது வாழ்க்கையை ஏறக்குறைய மறைத்துவிட்டது எனலாம். சோப்பு விற்றவர், பத்திரிகையாளர், காசநோயாளி, உருது நாவலாசிரியர், ஜெமினி நிறுவனத்தின் வசனகர்த்தா, உளவுப்படம் எடுத்து வெற்றி கண்ட இயக்குநர் எனப் பல முகங்கள் அவருக்கு உண்டு. தொடக்கத்திலிருந்தே அவர் கதை சொல்லத் தெரிந்த எழுத்தாளர் என்பதே இவை அனைத்தையும் இணைக்கும் இழையாகும்.

லாகூர் இளமை

ராமானந்த் சாகர் 1917ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதி, இன்று பாகிஸ்தானில் உள்ள லாகூருக்கு அருகே பிறந்தார். அவரது இயற்பெயர் சந்திரமௌலி சோப்ரா. ஆண் வாரிசு இல்லாத தாய்வழிப் பாட்டி அவரைத் தத்தெடுத்துக்கொண்டதைத் தொடர்ந்து பெயர் மாறியது. அவருடைய தந்தையின் மறுமணத்தின் வழிப் பிறந்தவரே பின்னாளில் இந்தித் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற விது வினோத் சோப்ரா.

இளமையில் வறுமை அவரை விடாமல் துரத்தியது. அலுவலக பியூன், லாரி சுத்தம் செய்பவர், சோப்பு விற்பனையாளர், பொற்கொல்லரிடம் தொழில் பழகுபவர் எனக் கிடைத்த வேலைகளையெல்லாம் பகலில் செய்தார், இரவில் படித்தார். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதத்திலும் பாரசீகத்திலும் தங்கப் பதக்கம் பெற்றார். ஒன்று வால்மீகியின் மொழி. மற்றொன்று உருது இலக்கியத்துக்கு ஊற்றாக விளங்கிய மொழி. இவ்விரு மொழிப் புலமையும் அரை நூற்றாண்டுக்குப் பின் அவரது சின்னத்திரைப் பணிக்குத் துணைநின்றன.

திரையுலகத்தின் வாசலையும் அவர் லாகூரிலேயே மிதித்துவிட்டார். 1930களில் ஓர் ஊமைப்படத்தில் கிளாப் அடிக்கும் சிறுவனாகப் பணியாற்றியதே அவரது முதல் திரை அனுபவம். பின்னர் 'மிலாப்' என்னும் நாளிதழில் இணைந்து பத்திரிகையாளரானார்.

மரணத்தின் அருகில் இருந்து எழுதியவை

1942ஆம் ஆண்டு அவரைக் காசநோய் தாக்கியது. அந்நோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து அப்போது கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. சானடோரியத்தில் சேர்க்கப்படுவோர் உயிருடன் திரும்புவது நிச்சயமற்றதாக இருந்த காலம் அது. அங்கு தம்மைச் சுற்றி நிகழ்ந்த மரணங்களையும், அவற்றுக்கு நடுவே மலர்ந்த நேசங்களையும் அவர் நாட்குறிப்பாக எழுதினார். அந்தப் பதிவுகள் லாகூரிலிருந்து வெளிவந்த 'அதப்-இ-மஷ்ரிக்' இதழில் வெளியாகி வாசகர்களின் கவனத்தை ஈர்த்தன. நோயிலிருந்து மீண்டபோது அவர் எழுத்தாளராக அறியப்பட்டிருந்தார்.

அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் நாடு பிளவுண்டது. பிறந்த மண்ணையும் பழகிய நகரத்தையும் இழந்து, இலட்சக்கணக்கான அகதிகளுள் ஒருவராகக் குடும்பத்துடன் அவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். தாம் கண்ட கொடுமைகளை 'அவுர் இன்சான் மர் கயா' என்னும் உருது நாவலாக வடித்தார். 'மனிதன் மடிந்துபோனான்' என்னும் பொருள்படும் தலைப்புடைய அந்நூல் 1948இல் வெளியானது. பிரிவினையின் ரணம் ஆறாத நிலையில், எந்த ஒரு சமயத்தாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், மனிதத்தன்மையின் வீழ்ச்சியையே அது பேசியது. பிரிவினையைக் களமாகக் கொண்ட தொடக்ககால நாவல்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

'பர்சாத்' தந்த முகவரி

பம்பாயில் பிருத்விராஜ் கபூரின் பிருத்வி தியேட்டர்ஸ் நாடகக் குழுவில் அவருக்கு உதவி மேடை மேலாளர் வேலை கிடைத்தது. அந்தக் குழுவுக்காக 'கலாகார்' என்னும் நாடகத்தையும் அவர் எழுதினார்.

பிருத்விராஜின் மகன் ராஜ் கபூர், தாம் இயக்கிய இரண்டாவது படமான 'பர்சாத்' படத்தின் கதை, திரைக்கதைப் பொறுப்பைச் சாகரிடம் அளித்தார். 1949இல் வெளியான அப்படம் பெரும் வெற்றி பெற்றது. சங்கர்-ஜெய்கிஷன் இணை இசையமைப்பாளர்களாகவும், நிம்மி நடிகையாகவும் அறிமுகமானது அப்படத்தில்தான். ஆர்.கே. பிலிம்ஸ் நிறுவனத்தைக் காலூன்றச் செய்த படத்தின் எழுத்துக்குச் சொந்தக்காரர் என்ற பெருமை சாகருக்குக் கிடைத்தது.

எனினும், அந்த வெற்றி அவரை உடனே உயரத்தில் அமர்த்திவிடவில்லை. 1950இல் 'சாகர் ஆர்ட்' நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் இயக்கிய 'மெஹ்மான்' (1953), 'பாஜுபந்த்' (1954) ஆகிய படங்கள் பெரிதாகப் பேசப்படவில்லை. இயக்குநர் நாற்காலியிலிருந்து இறங்கி, மீண்டும் எழுத்து மேசைக்கே அவர் திரும்ப நேர்ந்தது.

சென்னை தந்த மறுவாழ்வு

அக்கட்டத்தில் அவருக்குக் கைகொடுத்தது சென்னை. 'சந்திரலேகா'வின் வாயிலாக வட இந்தியச் சந்தையை வென்றிருந்த ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ். வாசன், தொடர்ந்து இந்திப் படங்களைத் தயாரித்து வந்தார். அவற்றுக்கு வசனம் எழுதத் தேர்ந்த ஓர் எழுத்தாளர் தேவைப்பட்டார். திலீப் குமாரும் தேவ் ஆனந்தும் இணைந்து நடித்த ஒரே படமான 'இன்சானியத்' (1955), 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தின் இந்தி வடிவமான 'ராஜ் திலக்' (1958) ஆகியவற்றுக்குச் சாகர் வசனம் எழுதினார்.

ஆலைத் தொழிலாளர்களுக்கும் முதலாளிக்கும் இடையிலான மோதலைச் சித்தரித்த 'பைகாம்' (1959), அவருக்குச் சிறந்த வசனத்துக்கான பிலிம்பேர் விருதைப் பெற்றுத் தந்தது. அதே கதையை வாசன் சிவாஜி கணேசன் நடிப்பில் 'இரும்புத் திரை' என்ற பெயரில் தமிழில் எடுத்தார்.

வசனகர்த்தாவிடம் ஒளிந்திருந்த இயக்குநரையும் வாசன் அடையாளம் கண்டார். ஜெமினியின் 'கூங்கட்' (1960) படத்தை இயக்கும் வாய்ப்பைச் சாகருக்கு அளித்தார். அதில் நடித்த பீனா ராய்க்குச் சிறந்த நடிகைக்கான பிலிம்பேர் விருது கிடைத்தது. வைஜெயந்திமாலா, ராஜேந்திர குமார், ராஜ் குமார் நடிப்பில் சாகர் இயக்கிய 'ஜிந்தகி' (1964) அடுத்த வெற்றியானது. தமிழில் ஜெமினி கணேசனும் தேவிகாவும் நடித்த 'வாழ்க்கைப் படகு' அதன் மறு ஆக்கமே. சொந்த முயற்சியில் தோற்ற ஓர் இயக்குநர், மற்றொரு மொழிப் பகுதியின் ஸ்டூடியோவில் தம் தொழிலை மீட்டெடுத்த கதை இது.

காதலும் உளவும்

அதன்பின் சாகர் தம் சொந்த நிறுவனத்துக்குப் புதிய துணிவுடன் திரும்பினார். காஷ்மீரின் பின்னணியில், விபத்தில் காலை இழந்த காதலனின் கதையைச் சொன்ன 'ஆர்ஜூ' (1965) வசூலைக் குவித்தது. மூன்றாண்டுகளுக்குப் பின் அதற்கு முற்றிலும் மாறான பாதையில் பயணித்து, தர்மேந்திரா, மாலா சின்ஹா நடித்த 'ஆங்கேன்' (1968) என்ற உளவுப்படத்தை எடுத்தார். ஜப்பானிலும் பெய்ரூட்டிலும் காட்சிகள் படமாக்கப்பட்டன. அவ்வாண்டின் மாபெரும் வெற்றிப் படங்களுள் ஒன்றான அது, அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான பிலிம்பேர் விருதைப் பெற்றுத் தந்தது.

1970களில் 'கீத்', போர்ப் பின்னணியிலான 'லல்கார்', போதைப்பொருள் கடத்தலை மையமாகக் கொண்ட 'சரஸ்' எனப் பல வகைப் படங்களை அவர் வழங்கினார். ஆனால், அந்தப் பத்தாண்டின் இறுதியில் ரசிகர்களின் சுவை மாறத் தொடங்கியது. 1982இல் வெளியான 'பகாவத்' படத்துக்குப் பின் அவரது பார்வை சின்னத்திரையை நோக்கித் திரும்பியது.

வேதாளம் திறந்த வழி

'சரஸ்' படப்பிடிப்புக்காக 1976இல் பிரான்ஸ் சென்றிருந்தபோது, அங்கு கண்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியே அவரது மனத்தில் இந்த எண்ணத்தை விதைத்தது என, அவருடைய மகன் பிரேம் சாகர் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியதோ 1982இல்தான். 1984இல் 'ஹம் லோக்' தொடர் பெற்ற வரவேற்பு, தொலைக்காட்சியில் நெடுங்கதைக்கு இடமுண்டு என்பதைக் காட்டியது.

எனினும், இராமனும் கிருஷ்ணனும் வரும் தொடருக்குப் பணம் போட எளிதில் எவரும் முன்வரவில்லை. பெரிய திரையின் இயக்குநர் சிறிய பெட்டிக்குள் இறங்குவதைத் திரையுலகிலும் பலர் தாழ்வாகவே எண்ணினர். எனவே, முதலில் அவர் விக்கிரமாதித்தன் கதையைக் கையில் எடுத்தார். 1985இல் ஒளிபரப்பான 'விக்ரம் அவுர் பேதால்' குழந்தைகளைக் கவர்ந்தது. மன்னன் விக்கிரமனாக நடித்த அருண் கோவில், தீபிகா சிக்லியா, சுனில் லஹ்ரி, தாரா சிங், அர்விந்த் திரிவேதி எனப் பின்னர் இராமாயணத்தில் தோன்றியவர்கள் பலரும் இத்தொடரில் பங்கேற்றிருந்தனர். ஒரு வகையில் அது பெருந்தொடருக்கான ஒத்திகையாகவே அமைந்தது.

நாடு நின்ற நேரம்

இராமாயணத்தைத் தொலைக்காட்சித் தொடராக்கும் யோசனைக்கு அப்போதைய தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலாளர் எஸ்.எஸ். கில் ஆதரவளித்தார். மதச்சார்பற்ற அரசின் ஊடகத்தில் ஒரு சமயத்தின் காவியம் இடம்பெறலாமா என்ற கேள்வியும் எழுந்தது. பல தடைகளைத் தாண்டியே ஒப்புதல் கிடைத்தது.

குஜராத்தின் உம்பர்காவ் என்னும் கடலோர ஊரில் அமைந்த அரங்குகளில் படப்பிடிப்பு நடைபெற்றது. வால்மீகியையும் துளசிதாசரையும் முதன்மை ஆதாரங்களாகக் கொண்ட சாகர், தமிழின் கம்பராமாயணம், வங்காளத்தின் கிருத்திவாச ராமாயணம், தெலுங்கின் ரங்கநாத ராமாயணம், உருதுவில் சக்பஸ்த் எழுதிய இராமாயணம் உள்ளிட்டவற்றையும் துணையாகக் கொண்டார். ரவீந்திர ஜெயின் இசையமைத்தார். 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட தொடர், 78 பகுதிகளாக வளர்ந்து 1988 ஜூலை 31இல் நிறைவுற்றது.

ஞாயிறு காலை ஒளிபரப்பின்போது கடைவீதிகள் வெறிச்சோடின. தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளில் அண்டை அயலார் திரண்டனர். சிலர் பெட்டிக்கு மாலையிட்டு, ஊதுவத்தி ஏற்றி வணங்கியதை அன்றைய நாளிதழ்கள் பதிவு செய்தன. இந்தி அறியாத தமிழகக் குடும்பங்களும் தெரிந்த கதையைத் துணைகொண்டு தொடரைப் பின்தொடர்ந்தன.

பட்டாபிஷேகத்துடன் தொடர் முடிவதை ஏற்காமல், வால்மீகியைத் தம் குலகுருவாகப் போற்றும் துப்புரவுத் தொழிலாளர்கள் வட இந்திய நகரங்கள் பலவற்றில் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். வால்மீகியின் ஆசிரமத்தில் நிகழும் உத்தர காண்டமும் இடம்பெற வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. அதன் விளைவாக, லவனும் குசனும் தோன்றும் தொடர்ச்சி ஒளிபரப்பானது.

புகழுடன் வந்த விமர்சனம்

பாராட்டுக்கு இணையாக விமர்சனமும் எழுந்தது. தொடர் மிக மெதுவாக நகர்கிறது என்றும், அரங்க அமைப்பும் உடைகளும் நாடகத்தனமானவை என்றும் விமர்சகர்கள் குறைகூறினர். நாடெங்கும் பலவாறாக வழங்கும் இராமகதைகளை ஒற்றை வடிவத்துக்குள் இது அடக்கிவிடக் கூடும் என்ற கவலையை வரலாற்றாய்வாளர் ரொமிலா தாப்பர் முன்வைத்தார்.

அயோத்தி விவகாரம் அரசியலில் தீவிரமடைந்த காலத்துடன் தொடரின் காலமும் பொருந்தியதால், அதன் தாக்கம் குறித்த விவாதம் இன்றளவும் ஓயவில்லை. சீதையாக நடித்த தீபிகாவும் இராவணனாக நடித்த அர்விந்த் திரிவேதியும் 1991 தேர்தலில் பாஜக சார்பில் போட்டியிட்டு மக்களவை உறுப்பினர்களாயினர். பிரிவினையின் வெறியைக் கண்டு மனிதன் மடிந்ததாக எழுதிய ஒருவரின் படைப்பு, வேறொரு காலத்தில் சமய அரசியல் விவாதத்தின் நடுவே நிற்க நேர்ந்தது.

சாகரோ ஒரே மரபுக்குள் தங்கிவிடவில்லை. 1993இல் ஒருபுறம் 'கிருஷ்ணா' தொடரையும், மறுபுறம் ஆயிரத்தொரு இரவுக் கதைகளைத் தழுவிய 'அலிஃப் லைலா' தொடரையும் தொடங்கினார். சமஸ்கிருதத்தையும் பாரசீகத்தையும் ஒருசேரக் கற்ற லாகூர் மாணவரின் இரு உலகங்களும் ஒரே நிறுவனத்திலிருந்து ஒரே காலத்தில் வெளிவந்தன.

மத்திய அரசு 2000ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. முதுமையிலும் ஷீரடி சாய்பாபாவின் வாழ்வைச் சொல்லும் தொடரில் ஈடுபட்டிருந்த அவர், 2005 டிசம்பர் 12ஆம் தேதி மும்பையில் தமது 87ஆவது வயதில் காலமானார்.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், கொரோனா ஊரடங்கில் நாடு முடங்கியிருந்தபோது, 2020 மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் 'ராமாயண்' தொடரை மறுஒளிபரப்பு செய்தது. ஏப்ரல் 16ஆம் தேதி மட்டும் 7.7 கோடிப் பேர் அதனைக் கண்டதாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. 1987இல் பிறந்திராத தலைமுறையும் அவர்களுள் இருந்தது. அவர்களுக்கு ராமானந்த் சாகர் என்பது தொடரின் தொடக்கத்தில் தோன்றும் ஒரு பெயர். காசநோய்ப் படுக்கையின் நாட்குறிப்பும் 1948இன் உருது நாவலும் அதே மனிதர் எழுதியவைதான்.