மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஜி.டி.நாயுடு கல்லூரி தொடங்கியது ஏன்?

கோவை அவிநாசி சாலை மேம்பாலத்துக்குப் பெயர் தந்திருக்கும் ஜி.டி.நாயுடுவைக் கண்டுபிடிப்பாளராகத்தான் எல்லோருக்கும் தெரியும். கண்டுபிடிப்புகளைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, எந்த வயதில் என்ன செய்தார் என்று மட்டும் பார்ப்போம். மனம் குழந்தைப் பருவத்தோடு வளர்ந்து முடிந்துவிடுவதில்லை, முதுமை வரை எட்டுக் கட்டங்களாக வளர்கிறது என்றார் உளவியலாளர் எரிக் எரிக்சன். ஒவ்வொரு கட்டத்திலும் மனதுக்குள் ஓர் இழுபறி நடக்கும் என்பது அவர் கணக்கு.

1893-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் நாயுடு. சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிய கதையை ஊரில் இன்னமும் சொல்வார்கள். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி.

ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள், நம்மால் முடியும் என்ற எண்ணமோ, நாம் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணமோ குழந்தைக்குள் வேர்விடும் என்கிறார் எரிக்சன். இந்தப் பையன் தேறமாட்டான் என்று முடிவு கட்டுவதும் பெரும்பாலும் இந்த வயதில்தான். நாயுடுவுக்கும் அப்படித்தான் கட்டியிருப்பார்கள்.

ஆனால், அடுத்த கட்டம் வேறு மாதிரி போனது. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதே வண்டியை வாங்கினார். ஓட்டிப் பார்த்தாரா? பார்த்தார், ஆனால் அதைவிட அக்கு அக்காகக் கழற்றி மறுபடி மாட்டுவதில்தான் அவருக்கு ருசி. பிறகு பருத்தி வியாபாரத்தில் இறங்கி, பம்பாயில் பணத்தைத் தொலைத்தார். நான் யார் என்று தேடும் இளைஞருக்குச் சமூகம் தரும் அவகாசம் பற்றி எரிக்சன் பேசுகிறார். நம் வீடுகளில் அதற்குத் தண்டச்சோறு என்று பெயர்!

அவருக்கு அந்தத் தேடல் 1920-ல், 27 வயதில் முடிந்தது. ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சி - பழனி தடத்தில் தானே ஓட்டினார். அது யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டாரும் உருவாக்கினார்.

நடுத்தர வயதின் இழுபறி, அடுத்த தலைமுறையை வளர்த்துவிடுவதா, தன்னோடு தேங்கிவிடுவதா என்பது. நாயுடுவிடம் மிகத் தெளிவாகத் தெரிவது இதுதான். 1944-ல் மோட்டார் தொழிலிலிருந்து ஒதுங்கினார். அடுத்த ஆண்டே, 52 வயதில், அன்றைய ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்து, முதல்வராகவும் ஆனார். பள்ளி தன்னிடம் எங்கே தோற்றது என்று தெரிந்தவர் அல்லவா, பாடத்திட்டத்தில்தான் முதலில் கை வைத்தார். பொறியியலுக்கு நான்கு ஆண்டு எதற்கு, பட்டறையில் கைவேலையோடு சொல்லித்தந்தால் இரண்டே போதும் என்று வாதாடினார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை, நாயுடு விலகினார். அவர் சொன்ன கணக்கு சரியா என்பது விவாதத்துக்குரியது. கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்கு மாறி, இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகிவிட்டது. அவிநாசி சாலையில் மட்டும் அந்த இடத்துக்கு இன்னும் ஹோப் காலேஜ் என்றுதான் பெயர்.

விலகியவர் சும்மா இருக்கவில்லை. இளைஞர்களுக்குக் குறுகிய காலத் தொழிற்பயிற்சி கொடுத்தார். பருத்தி, பப்பாளி என்று தோட்டத்திலும் சோதனைகள் செய்தார். 1974 ஜனவரி 4-ம் தேதி, 80 வயதில் காலமானார்.