திரை போட்ட பஸ்

வங்காளத்தின் ரங்பூர் மாவட்டத்தில் பைராபந்த் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு ஜமீன்தார் வீட்டில் 1880ஆம் ஆண்டு பிறந்தவர் பேகம் ரொக்கேயா. எங்கள் ஊரில் என்றால் ருகையா என்று கூப்பிட்டிருப்போம்.

அந்த வீட்டில் பெண்பிள்ளைகள் குர்ஆன் ஓதலாம், உருது படிக்கலாம். வங்காளமும் ஆங்கிலமும் கூடாது. ஐந்து வயதிலேயே அவருக்குப் பர்தா வந்துவிட்டது. ஆண்களுக்கு மட்டுமல்ல, வெளியிலிருந்து வரும் பெண்களுக்கும் அவர் முகம் காட்டக் கூடாது. விருந்தாளிகள் வந்தால் அந்தச் சின்னப் பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். கல்கத்தாவில் படித்த நானா இப்ராஹீம், வாப்பா உறங்கிய பிறகு இரவில் விளக்கு வைத்து அவருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். மூத்த ராத்தா கரீமுன்னிஸா வங்காளத்துக்குத் துணை நின்றார்.

பாகல்பூரில் நீதவானாக இருந்த ஸகாவத் ஹுஸைனுக்கு அவரை மணமுடித்துக் கொடுத்தார்கள். மனைவி எழுத வேண்டுமென்று விரும்பிய கணவர் அவர். 1905இல் ரொக்கேயா ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ சென்னையிலிருந்து வந்த பெண்கள் சஞ்சிகை ஒன்றில்தான் வெளியானது. அக்கதையில் ஆண்கள் வீட்டுக்குள் பர்தாவில் இருக்கிறார்கள், பெண்கள் நாட்டை ஆளுகிறார்கள்.

பிறந்த இரு குழந்தைகளும் சிறுவயதிலேயே இறந்துபோயின. 1909இல் கணவரும் வபாத்தானார். பெண்கள் பாடசாலைக்கென்று அவர் ஒதுக்கியிருந்த 10,000 ரூபாயைக் கொண்டு, ஐந்தே மாதத்தில் ஐந்து பிள்ளைகளுடன் பாடசாலை தொடங்கினார் ரொக்கேயா. குடும்பத்தில் சொத்துப் பிரச்சினை எழ, கல்கத்தாவுக்குப் போய் 1911 மார்ச் 16இல் வலியுல்லாஹ் ஒழுங்கையில் எட்டுப் பிள்ளைகளுடன் மீண்டும் தொடங்கினார். ஒருநாளும் பள்ளி மாணவியாக இருந்திராத ஒருவர் நடத்திய பள்ளி அது! பர்தா அணிந்து வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டார்.

ஆண்பிள்ளைகள் இல்லாத பள்ளிதான். ஆனாலும் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் தெரு இருந்ததே! அதற்காக ஒரு மோட்டார் பஸ் செய்வித்தார்கள். நாலு பக்கமும் அடைப்பு, முன்னும் பின்னும் மேலே மட்டும் சிறு வலை. உள்ளே இருட்டிலும் வெக்கையிலும் பிள்ளைகள் அழுதார்கள், வாந்தியெடுத்தார்கள், சிலர் மயங்கி விழுந்தார்கள். பிள்ளையை இப்படியா அனுப்புவது என்று பெற்றோர் கோபப்பட்டார்கள். அடைப்பை எடுத்துவிட்டுத் திரை போட்டார்கள். உடனே கடிதங்கள் வந்தன. காற்றில் திரை பறக்கிறதாம், பர்தா போகிறதாம், சரிசெய்யாவிட்டால் பத்திரிகையில் எழுதுவோம் என்று மிரட்டல் வேறு.

அடைத்தாலும் குற்றம், திறந்தாலும் குற்றம். இதையெல்லாம் அவர் பிற்காலத்தில் தம் நூலொன்றில் எழுதி வைத்தார். சிரிக்க வைக்கும் எழுத்துத்தான், ஆனால் அந்தப் பஸ்ஸில் மயங்கியவர்கள் எங்கள் தங்கைமாரின் வயதுப் பிள்ளைகள்.

திரையை ஏன் அவர் கழற்றி எறியவில்லை என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். கழற்றியிருந்தால் மறுநாள் பஸ் வெறுமையாகத்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மார்க்கம் சொன்ன பர்தா வேறு, பெண்ணைப் பூட்டி வைப்பது வேறு என்பது அவருடைய முடிவு. அதனால் முதலாவதைக் கைவிடாமலே இரண்டாவதோடு சண்டை பிடித்தார். அந்த வாப்பாமாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தோடுதான் அவர்கள் மகளை வாசல் தாண்ட விட்டார்கள். அந்தப் பயம் எங்கள் வீடுகளிலும் இல்லாமலில்லை. மேலதிக வகுப்புக்குப் போகும் என்னை உம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

1916இல் முஸ்லிம் பெண்களுக்கென்று ஒரு சங்கமும் அமைத்தார். 1932 டிசம்பர் 9ஆம் திகதி, தம் பிறந்த நாளிலேயே வபாத்தானார். பெண்ணின் உரிமை பற்றி எழுதத் தொடங்கிய கட்டுரை பாதியில் நின்றிருந்தது. அவர் கணவரின் பெயரைத் தாங்கிய அந்தப் பள்ளி கல்கத்தாவில் இன்றும் நடக்கிறது.