ஹியூகோ கெர்ன்ஸ்பேக்

ஹியூகோ கெர்ன்ஸ்பேக் (ஆகஸ்ட் 16, 1884 – ஆகஸ்ட் 19, 1967) லக்சம்பர்க்கில் பிறந்த அமெரிக்க இதழாசிரியர், பதிப்பாளர், கண்டுபிடிப்பாளர் ஆவார். அறிவியல் புனைகதைகளுக்கென்றே வெளியான முதல் ஆங்கில இதழான அமேசிங் ஸ்டோரீஸை 1926 இல் தொடங்கியவர் இவரே. ஆண்டுதோறும் சிறந்த அறிவியல் புனைவுகளுக்கு வழங்கப்படும் ஹியூகோ விருது இவர் பெயரைத் தாங்கியுள்ளது. இவர் எழுதிய கதைகள் இலக்கிய நோக்கில் பெரிதாக மதிக்கப்படுவதில்லை. ஆனால், அறிவியல் புனைகதை வாசகர்கள் ஒருவரையொருவர் அறிந்து ஒரு சமூகமாகத் திரள்வதற்கு இவருடைய இதழ்களே காரணமாயின.

இளமைக் காலம்

கெர்ன்ஸ்பேக் லக்சம்பர்க் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவருடைய தந்தை மது மொத்த வணிகர். குடும்பப் பெயர் கெர்ன்ஸ்பாகர் என்பதாகும். சிறுவயதிலேயே மின்கருவிகளில் ஆர்வம் கொண்டிருந்த இவர், செவ்வாய்க் கோளில் உயிரினங்கள் வாழக்கூடும் என வாதிட்ட வானியலாளர் பெர்சிவல் லோவெலின் நூலைப் படித்துப் பெரிதும் ஈர்க்கப்பட்டார். லக்சம்பர்க்கிலும் செருமனியின் பிங்கன் நகரிலும் தொழில்நுட்பக் கல்வி பயின்றபின், தாம் வடிவமைத்த மின்கலத்தை விற்கும் நோக்குடன் 1904 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்.

வானொலித் தொழில்

நியூயார்க்கில் எலக்ட்ரோ இம்போர்ட்டிங் கம்பெனி என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, ஐரோப்பாவிலிருந்து மின் உதிரிப்பாகங்களைத் தருவித்து அஞ்சல்வழி விற்றார். வீட்டிலேயே பயன்படுத்தக்கூடிய டெலிம்கோ என்னும் கம்பியில்லாத் தந்திக் கருவித் தொகுப்பை 1905 ஆம் ஆண்டு வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1908 இல் மாடர்ன் எலக்ட்ரிக்ஸ் என்னும் இதழையும், 1909 இல் அமெரிக்கக் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தையும் தொடங்கினார்.

இங்கு இவர் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. கருவியை வாங்குபவர் அதைப் பற்றி அறிய இதழை வாங்குவார். இதழைப் படிப்பவர் சங்கத்தில் சேர்வார். சங்கத்தில் சேர்ந்தவர் மீண்டும் கருவி வாங்குவார். வணிகத்தையும் ஆர்வலர் குழுவையும் ஒன்றாகப் பிணைத்த இம்முறையையே பின்னாளில் புனைகதைத் துறையிலும் இவர் பயன்படுத்தினார்.

மாடர்ன் எலக்ட்ரிக்ஸ் இதழில் 1911 ஏப்ரல் முதல் 12 பகுதிகளாக, 2660 ஆம் ஆண்டில் நிகழும் ரால்ஃப் 124சி 41+ என்னும் தொடர்கதையை எழுதினார். கதையோட்டமும் பாத்திரப் படைப்பும் வலுவற்றவை எனினும், பிற்கால ரேடாரை ஒத்த கருவி ஒன்று இதில் விளக்கப்பட்டுள்ளது. 1925 இல் இவருடைய நிறுவனம் நியூயார்க்கில் டபிள்யூ.ஆர்.என்.ஒய். என்னும் வானொலி நிலையத்தைத் தொடங்கியது. 1928 இல் அந்நிலையம் சோதனை முயற்சியாகத் தொலைக்காட்சிப் படிமங்களையும் ஒளிபரப்பியது.

அமேசிங் ஸ்டோரீஸ்

1926 ஏப்ரலில் அமேசிங் ஸ்டோரீஸ் முதல் இதழ் வெளியானது. அவ்விதழின் கதைகள் அனைத்தும் மறுபதிப்புகளே. சூல் வேர்ண், எச். ஜி. வெல்ஸ், எட்கர் ஆலன் போ ஆகியோரின் படைப்புகள் அதில் இடம்பெற்றன. அட்டைப் படங்களை ஓவியர் ஃபிராங்க் ஆர். பால் வரைந்தார். கதைகள் அறிவியலைக் கற்பிக்க வேண்டும் என்பது கெர்ன்ஸ்பேக்கின் கொள்கை.

1927 சனவரியில் வாசகர் கடிதப் பகுதி தொடங்கப்பட்டது. கடிதம் எழுதியவரின் பெயருடன் அவருடைய முழு முகவரியும் அச்சிடப்பட்டது. இது சிறிய செய்தியாகத் தோன்றினாலும் இதன் விளைவு பெரிது. அக்காலத்தில் இத்தகைய கதைகளை விரும்பிப் படித்த பலர் தம் ஊரில் தம்மைப் போன்ற வேறொருவரை அறியாதிருந்தனர். அச்சில் வெளியான முகவரிகளைக் கண்ட வாசகர்கள், இதழாசிரியரின் துணையின்றி நேரடியாக ஒருவருக்கொருவர் கடிதம் எழுதத் தொடங்கினர்.

இரசிகர் சமூகத்தின் தோற்றம்

இக்கடிதத் தொடர்புகளிலிருந்து குழுக்கள் உருவாயின. 1929 இறுதியில் நியூயார்க்கில் சயின்சியர்ஸ் என்னும் குழு தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கரான வாரன் ஃபிட்சுசெரால்ட் ஆவார். கடிதவழி நண்பர்கள் இணைந்து நடத்திய மற்றொரு சங்கம் 1930 மே மாதத்தில் தி காமெட் என்னும் இதழை வெளியிட்டது. இதுவே முதல் அறிவியல் புனைகதை இரசிகர் இதழாகக் கருதப்படுகின்றது. 1932 இல் கிளீவ்லாந்தில் செர்ரி சீகல், சோ சூஸ்டர் என்னும் இரு மாணவர்கள் சயின்ஸ் ஃபிக்சன் என்ற பெயரில் தட்டச்சிட்ட இரசிகர் இதழொன்றைத் தொடங்கினர். 1938 இல் வெளியான சூப்பர்மேன் வரைகதையை உருவாக்கியவர்கள் இவர்களே.

இதற்கிடையில் 1929 தொடக்கத்தில் கெர்ன்ஸ்பேக்கின் நிறுவனம் நொடித்துப்போய், அமேசிங் ஸ்டோரீஸ் பிறர் கைக்குச் சென்றது. சில மாதங்களிலேயே அவர் சயின்ஸ் வொண்டர் ஸ்டோரீஸ் என்னும் புதிய இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதை என்பதற்கான இன்றைய ஆங்கிலச் சொல் பரவலானது இவ்விதழ் வழியாகவேயாகும். 1930 இல் இது வேறொரு இதழுடன் இணைந்து வொண்டர் ஸ்டோரீஸ் ஆனது. அதே ஆண்டில் இதன் ஆசிரியர் டேவிட் லாசரும் சில எழுத்தாளர்களும் சேர்ந்து அமெரிக்கக் கோளிடைக் கழகத்தை நிறுவினர். பின்னர் அமெரிக்க ஏவூர்திக் கழகம் எனப் பெயர் பெற்ற இவ்வமைப்பு, கதைகளைப் படித்தவர்கள் ஏவூர்திகளைக் கட்டவும் முற்பட்டதற்குச் சான்றாகும்.

1933 இல் லாசருக்குப் பதிலாக, இரசிகர் இதழ் நடத்திவந்த 17 வயதுச் சார்லசு ஆர்னிக்கைக் கெர்ன்ஸ்பேக் ஆசிரியராக நியமித்தார். வாசகர் ஒருவர் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தது அக்காலத்தில் அரிய நிகழ்வாகும்.

அறிவியல் புனைகதைக் கூட்டணி

1934 இல் வொண்டர் ஸ்டோரீஸ் இதழின் சார்பில் அறிவியல் புனைகதைக் கூட்டணி தொடங்கப்பட்டது. அதன் இயக்குநர் குழுவில் எழுத்தாளர்களுடன், கடிதங்கள் எழுதியே பெயர் பெற்ற ஃபாரசுட் ஆக்கர்மேன், சாக் டாரோ ஆகியோரும் இடம்பெற்றனர். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பல நகரங்களில் கிளைகள் தோன்றின. கூட்டணியின் சின்னம் பொறித்த பொருட்களும் விற்கப்பட்டன. கூட்டணி இதழின் விற்பனையை உயர்த்தும் என்பது உரிமையாளரின் எதிர்பார்ப்பு. இது தங்கள் சங்கம் என்பது உறுப்பினரின் எண்ணம். இவ்விரண்டும் விரைவிலேயே மோதின.

ஊதியப் பிணக்கு

கெர்ன்ஸ்பேக் எழுத்தாளர்களுக்குக் குறைவாகவும் காலந்தாழ்த்தியும் ஊதியம் வழங்குபவர் என்று பெயர் பெற்றிருந்தார். 1927 இல் அமேசிங் ஸ்டோரீஸில் வெளியான தம் நெடுங்கதைக்கு எச். பி. லவ்கிராஃப்ட் பெற்றது 25 டாலர் மட்டுமே. அதுவும் பலமுறை கேட்டபின்னரே கிடைத்தது. 1934 சனவரி இதழில் இளம் இரசிகரான டொனால்ட் வால்கைமின் முதல் கதை வெளியானது. பணம் வராததால், அவர் இதே நிலையிலிருந்த பிற எழுத்தாளர்களைக் கடிதம் மூலம் தேடிக் கண்டு, அவர்களுடன் இணைந்து வழக்கறிஞரை அமர்த்தி ஊதியத்தைப் பெற்றார். வாசகர்களை இணைத்த அதே கடிதத் தொடர்பு இப்போது பதிப்பாளருக்கு எதிராகவே பயன்பட்டது.

பூசல் இரசிகர் இதழ்களிலும் தொடர்ந்தது. 1935 இல் வால்கைம், சான் மிச்சல், வில்லியம் சைகோரா ஆகிய மூவரும் கூட்டணியிலிருந்து நீக்கப்பட்டனர். ஆயினும் அவர்கள் இரசிகர் சமூகத்தை விட்டு நீங்கவில்லை. தனியாகக் குழுக்களையும் இதழ்களையும் நடத்தினர். பதிப்பாளரின் ஒப்புதலின்றியும் இச்சமூகம் இயங்கக்கூடும் என்பது இதனால் தெளிவாயிற்று.

1936 இல் கெர்ன்ஸ்பேக் வொண்டர் ஸ்டோரீஸை விற்றுவிட்டார். கூட்டணி நலிவுற்றாலும் கிளைகள் பல தம் வழியில் தொடர்ந்தன. அதன் லீட்சு கிளை 1937 சனவரி 3 அன்று இங்கிலாந்தில் ஒரு மாநாட்டை நடத்தியது. 1934 இல் கிளையாகத் தொடங்கிய லாசு ஏஞ்சலசு குழு தனிச் சங்கமாகிப் பல பத்தாண்டுகள் நீடித்தது.

1939 சூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு ஏறத்தாழ 200 பேருடன் நடைபெற்றது. சிறப்பு விருந்தினர் ஓவியர் ஃபிராங்க் ஆர். பால். வால்கைம், ஃபிரெடரிக் போல் உள்ளிட்ட ஆறு பேர் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. நான்காண்டுகளுக்கு முன் வால்கைமுடன் நீக்கப்பட்ட சைகோரா, இம்முறை தடுத்த அமைப்பாளர்களுள் ஒருவராக இருந்தார். யார் உள்ளே, யார் வெளியே என்னும் பூசல் பதிப்பாளருடன் முடிந்துவிடவில்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது. பின்னாளில் வால்கைமும் போலும் இத்துறையின் முதன்மையான பதிப்பாசிரியர்களாக விளங்கினர்.

பிற்காலமும் விருதும்

1952 இல் சிக்காகோவில் நடந்த பத்தாவது உலக மாநாட்டில் கெர்ன்ஸ்பேக் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு பிலடெல்பியா மாநாட்டில் இரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்டன. ஏவூர்தி வடிவிலான இவ்விருது இவர் பெயராலேயே அழைக்கப்படலாயிற்று. 1953 இல் இவர் தொடங்கிய சயின்ஸ் ஃபிக்சன் பிளசு என்னும் இதழ் ஏழு இதழ்களுடன் நின்றுபோனது. 1960 இல் இவருக்கே சிறப்பு ஹியூகோ விருது அளிக்கப்பட்டது. சுமார் 80 காப்புரிமங்களைப் பெற்றிருந்த கெர்ன்ஸ்பேக், 1967 ஆகஸ்ட் 19 அன்று நியூயார்க்கில் காலமானார். நிலவின் மறுபக்கத்திலுள்ள பள்ளம் ஒன்றுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

மதிப்பீடு

கெர்ன்ஸ்பேக் குறித்த கருத்துகள் வேறுபடுகின்றன. தரத்தைவிடக் கருவிகளுக்கே முதன்மை தந்து இவ்வகைக் கதைகளை மலிவு இதழ்களுக்குள் அடைத்தார் என்பது ஒரு சாரார் குற்றச்சாட்டு. எழுத்தாளர்களுக்கு இழைத்த அநீதியும் மறுக்கப்படுவதில்லை. மறுபுறம், முகவரிகளை அச்சிட்டதன் மூலம் சிதறிக் கிடந்த வாசகர்களுக்கு ஒருவரையொருவர் காட்டிக் கொடுத்தவரும் இவரே. உலக மாநாடு ஊதியம் பெறாத இரசிகர்களாலேயே தொடர்ந்து நடத்தப்பட்டு வந்துள்ளது. 2023 இல் அது சீனாவின் செங்டூ நகரில் கூடியது. அம்மாநாட்டின் விருது, ஒரு காலத்தில் இரசிகர்கள் எதிர்த்து நின்ற பதிப்பாளரின் பெயரைத் தாங்குவது குறிப்பிடத்தக்கது.